தெளிந்த நீரும் மறைந்த நஞ்சும்

மீன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நிகழும் துன்பம் ஒன்று உண்டு. விடுமுறை நாளொன்றின் காலையில் வீட்டுப் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியைக் கழுவ முற்படுகின்றனர். பழைய நீர் மங்கிக் கிடக்கின்றது. கண்ணாடியிற் பாசி படர்ந்துள்ளது. அந்நீரை முற்றாக வெளியேற்றி, மணலையும் கற்களையும் குழாயடியில் இட்டுத் தேய்த்துக் கழுவி, பளிங்கு போன்ற புதுநீரை விளிம்புவரை நிரப்பி, மீன்களை மீண்டும் அதில் விடுகின்றனர். தொட்டி புதுப்பொலிவு பெறுகின்றது. பிள்ளைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். மாலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கின்றன. மறுநாட் காலையில் அவை பக்கம் சாய்ந்து மிதக்கின்றன. மங்கிய நீரில் மாதக்கணக்காக வாழ்ந்த உயிர்கள் தெளிந்த நீரில் ஓரிரவைக் கடக்க இயலாமற் போயின. அவற்றைக் கொன்றது யாது?

இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் இரண்டு வரலாறுகளைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒன்று, மனிதர் மீனை வீட்டுக்குள் கொண்டுவந்த வரலாறு. மற்றது, மனிதர் தாம் பருகும் நீரை நோயினின்று காத்துக்கொண்ட வரலாறு. இவ்விரண்டும் இலண்டன் மாநகரில், ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒன்றையொன்று அறியாமலே நடைபோட்டன. பின்னர் வீட்டுக் குழாயின் வாயில் ஒன்றையொன்று சந்தித்தன.

மீனை அழகுக்காக வளர்க்கும் வழக்கம் மிகப் பழையது. சீனத்திற் சொங் மரபினர் ஆண்ட காலத்திலேயே பொன்மீன்கள் குளங்களிற் பேணப்பட்டன; பின்வந்த மிங் மரபினர் காலத்தில் அவை மண் ஏனங்களில் வீட்டுக்குள்ளும் இடம்பெற்றன. இலண்டன் நாட்குறிப்பாளரான சாமுவேல் பெப்பிசு, கண்ணாடி ஏனத்து நீரில் வாழும் அயல்நாட்டு மீன்களைக் கண்டு வியந்து 1665ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதிவைத்துள்ளார். அக்காலத்தவருக்குத் தெரிந்த வழி ஒன்றே. நீர் கெட்டால் அதனைக் கொட்டிவிட்டு, கிணற்றிலோ ஆற்றிலோ வேறு நீர் முகந்து ஊற்றுவர். நீர் ஏன் கெட்டது என்பதை அவர்கள் அறியார். அறிவதற்கு வேண்டிய இரசாயன அறிவும் அன்று பிறந்திருக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அவ்வறிவு துளிர்த்தது. எரியும் மெழுகுதிரி கெடுத்த காற்றைப் பச்சைச் செடி மீண்டும் நன்னிலைப்படுத்தும் என்று யோசப்பு பிறீசிலி கண்டார். அதற்குச் சூரிய ஒளி இன்றியமையாதது என 1779இல் யான் இங்கன்கவுசு நிறுவினார். 1832இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், சான் வில்பிறே பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, கடல்வாழ் உயிரினமொன்றின் வாழ்க்கையை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். கடலில் மூழ்காமலே கடலுயிரின் வாழ்வைக் கண்ணுற அவர் வழி திறந்தார்.

இந்நிலையில், இலண்டன் மருந்தாளர் மண்டபத்தில் இரசாயனராகப் பணியாற்றிய உறொபேட்டு வாரிங்டன் என்பவர் 1849இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். பெரிய கண்ணாடிக் கலமொன்றில் ஊற்றுநீரை வார்த்து, மணலும் கற்களும் இட்டு, அதில் நீர்க்கொடியொன்றை நட்டு, இரண்டு சிறிய பொன்மீன்களை விட்டார். சில நாட்கள் யாவும் செவ்வனே நடந்தன. பின்னர் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை அவர் அக்கலத்தில் விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன. நீர் மீண்டும் தெளிந்தது. மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி ஏற்கின்றது. செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் ஏற்கின்றது. கழிவை நத்தை நீக்குகின்றது. இவ்வாறு ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் சமநிலையொன்று கலத்தினுள் நிலவுவதாக 1850ஆம் ஆண்டு இரசாயனக் கழகத்தில் அவர் எடுத்துரைத்தார்.

இக்கருத்து மக்களை மிகக் கவர்ந்தது. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிற் பொதுமக்களுக்கான மீன் மனை திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற இயற்கையறிஞர் பிலிப்பு என்றி கொசே 1854இல் வெளியிட்ட நூல் கண்ணாடித் தொட்டியை ஆங்கில நடுத்தர வகுப்பாரின் வரவேற்பறைப் பொருளாக்கியது. செடியும் நத்தையும் உரிய அளவில் இருப்பின் நீரை மாற்றவே வேண்டியதில்லை என்ற நம்பிக்கையும் அதனுடன் பரவியது. அந்நம்பிக்கை அரைகுறை உண்மை என்பது தெளிவாவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன.

வாரிங்டன் தம் பொன்மீன்களை நோக்கியிருந்த 1849ஆம் ஆண்டு இலண்டன் மக்களுக்குக் கொடிய ஆண்டு. வாந்திபேதி அந்நகரில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அந்நோய் குடிநீர் வழியாகவே பரவுகின்றது என மருத்துவர் யோன் சினோ அவ்வாண்டிலேயே எழுதினார். ஏற்போர் மிகச் சிலரே. கொசேயின் நூல் வெளிவந்த 1854இல் அந்நோய் மீண்டும் தலைதூக்கியது. புறோட்டு வீதியிலிருந்த நீரேற்றுக் குழாயொன்றைச் சூழவே சாவுகள் மலிந்திருத்தலைச் சினோ கணக்கிட்டுக் காட்டி, அக்குழாயின் கைபிடியை அகற்றச் செய்தார். அக்குழாய் நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. அதனை விரும்பிப் பருகினோரும் இருந்தனர். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் உயிருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை என்னும் பாடத்தை மனிதகுலம் ஆயிரக்கணக்கான உயிர்களை விலைகொடுத்துக் கற்றது.

நோய்க்கிருமியை நீரிலேயே கொல்லும் வழி பின்னர் கண்டறியப்பட்டது. 1774இல் சுவீடன் நாட்டு இரசாயனர் சீலே கண்டறிந்த குளோரீன் வாயு, துணி வெளுக்கும் தொழிலில் நெடுநாட் பயன்பட்டு வந்தது. அதிலிருந்து ஆக்கப்பட்ட வெளிற்றும் தூளைக் குடிநீரிற் சிற்றளவு சேர்த்தாற் கிருமிகள் மடிகின்றன என்பதை அறிந்தனர். 1902இல் பெல்சிய நாட்டு மிடல்கெர்க்கே என்னும் ஊர் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரீன் இடும் முறையைக் கைக்கொண்டது. 1905இல் இங்கிலாந்தின் இலிங்கன் நகரில் நெருப்புக் காய்ச்சல் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அலெக்சாண்டர் கவுசுடன் என்பவர் அந்நகர் நீருக்கு அம்மருந்தை இடச் செய்தார். 1908இல் அமெரிக்காவின் சேர்சி நகருக்கு நீர் வழங்கிய நிலையத்தில் மருத்துவர் யோன் லீல் அதனைப் பேரளவிற் புகுத்தினார். மக்கள் பருகும் நீரில் நச்சுப்பொருளைக் கலப்பதா என்ற வழக்கு நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. இறுதியில் அம்முறையே ஏற்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் நெருப்புக் காய்ச்சலும் வாந்திபேதியும் பல நகரங்களை விட்டு அகன்றமைக்கு இது தலையாய காரணங்களுள் ஒன்றாகும்.

மனிதருக்கு அமுதான அந்நீரே மீனுக்கு நஞ்சாயிற்று. இதன் காரணம் உடலமைப்பில் உள்ளது. மனிதன் நீரை விழுங்குகின்றான். அதிலுள்ள சிறிதளவு குளோரீன் வாயிலும் இரைப்பையிலும் உணவுப் பொருள்களோடு சேர்ந்து செயலிழக்கின்றது. மீனோ நீரைச் சுவாசிக்கின்றது. ‘பூ’ என்று மீனவர் வழங்கும் செவுள்களில், மிக மெல்லிய தோலொன்றே நீரையும் குருதியையும் பிரித்து நிற்கின்றது. அத்தோலைக் குளோரீன் அரித்துவிடுகின்றது. நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறுகின்றது. மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்றல் இதன் அறிகுறியாகும்.

அளவையும் நோக்குதல் நன்று. குடிநீர் வீட்டை வந்தடையும்போது ஒரு லீற்றரில் 0.2 மில்லிகிராம் குளோரீனாவது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நன்னீர் உயிர்களைக் காப்பதற்கு அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் 1985இல் வகுத்த அளவுகோலோ, குறுகிய நேரத்துக்குக்கூட லீற்றருக்கு 0.019 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கின்றது. அதாவது, மனிதரைக் காக்க வேண்டிய மிகக் குறைந்த அளவே மீன் தாங்கக்கூடியதிலும் பத்து மடங்கு மிகுந்தது. இரு தேவைகளும் ஒரே குழாயில் நிறைவேறா. ஆதலின் குளோரீனை நீக்கும் பொறுப்பு மீன் வளர்ப்பவரிடமே வந்து சேர்ந்தது.

அதற்கு இரண்டு வழிகள் கைக்கொள்ளப்பட்டன. குளோரீன் காற்றிற் கலக்கும் இயல்புடையது. ஆதலால் அகன்ற வாயுள்ள ஏனத்தில் நீரை ஒரு நாளேனும் திறந்துவைத்து, இடையிடையே கலக்கிவிட்டால் அது பெரும்பாலும் அகன்றுவிடும். விரைவில் நீக்க வேண்டுவோருக்குச் சோடியம் தயோசல்பேற்று என்னும் உப்பு கைகொடுத்தது. இவ்வகை உப்பு வெள்ளிச் சேர்வைகளைக் கரைக்கும் என்று 1819இல் யோன் எர்செல் கண்டறிந்தமையால் அது புகைப்படக் கலைஞரின் இருட்டறையில் இடம்பெற்று, ‘கைப்போ’ என்ற பெயரும் பெற்றது. வெளுத்த துணியில் எஞ்சும் குளோரீனைப் போக்கவும் ஆலைகளில் அது பயன்பட்டது. இருட்டறைக்கும் ஆலைக்கும் உதவிய அப்பளிங்கே மீன் தொட்டிக்கும் காவலாயிற்று.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. குளோரீன் நெடுந்தூரக் குழாய்களில் விரைந்து தேய்ந்துபோவதாற் சில நகரங்கள் அதனுடன் அமோனியாவையும் சேர்த்துக் குளோரமைன் என்னும் நிலைத்த பொருளாக்கி இட்டன. 1917இல் கனடாவின் ஒட்டாவா நகரம் இவ்வழியில் முன்னின்றது. 1974இல் ஒல்லாந்து இரசாயனர் யோகான்னசு உறூக்கு, குளோரீன் நீரிலுள்ள தாவரச் சிதைவுகளோடு சேர்ந்து வேண்டாத சேர்வைகளை விளைவிக்கின்றது என வெளியிட்டார். 1979இல் அமெரிக்கா அச்சேர்வைகளுக்கு எல்லை வகுத்தது. அதன்பின் மேலும் பல நகரங்கள் குளோரமைனுக்கு மாறின. மனிதர் நலங்கருதிச் செய்த இம்மாற்றம் மீன் வளர்ப்போரின் பழைய வழக்கத்தைப் பயனற்றதாக்கியது. குளோரமைன் ஒரு நாள் திறந்துவைப்பதால் அகல்வதன்று. தயோசல்பேற்று அதனைச் சிதைக்கும். ஆனாற் சிதைந்தபின் அமோனியா எஞ்சி நிற்கும். ஒரு நஞ்சைக் கட்டியிருந்த கயிறு அறுந்து வேறொரு நஞ்சு வெளிவந்தாற் போன்ற நிலை இது. அமோனியாவையும் சேர்த்துக் கட்டும் மருந்துகள் பின்னர் ஆக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

அமோனியா குழாயிலிருந்து மட்டும் வருவதன்று. மீனின் செவுளிலிருந்தும், கழிவிலிருந்தும், உண்ணாது அழுகும் உணவிலிருந்தும் அது நாள்தோறும் தோன்றுகின்றது. அவ்வாறாயின், மங்கிய தொட்டியில் மீன்கள் எவ்வாறு மாதக்கணக்கில் வாழ்ந்தன? இதற்கு விடை தேடும்போது வாரிங்டன் குடும்பத்தின் பெயரே மீண்டும் எதிர்ப்படுகின்றது.

தந்தை தம் கட்டுரையை 1850இல் வாசித்தபோது, அவருடைய பெயரையே தாங்கிய மைந்தன் பதினொரு வயதுச் சிறுவன். அம்மைந்தன் வளர்ந்து, உறொதாம்சுட்டெட்டு என்னும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். மண்ணில் அமோனியா நைத்திரேற்றாக மாறுவது நுண்ணுயிர்களின் செயல் என்று 1877இல் சிலோசிங்கு, மியூன்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் காட்டியிருந்தனர். இளைய வாரிங்டன் பல்லாண்டு உழைத்து, அம்மாற்றம் இரு படிகளில் நிகழ்வதை விளக்கினார். ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைத்திரைற்றாக்குகின்றது. மற்றொருவகை அதனை நைத்திரேற்றாக்குகின்றது. 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்சுகி அந்நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்தெடுத்தார்.

வயல் மண்ணில் நிகழும் இச்செயலே மீன் தொட்டியின் மணலிலும் நிகழ்கின்றது. தந்தையின் கண்ணாடிக் கலத்தில் அவர் காணாத ஊழியர் கோடிக்கணக்காக இருந்தனர். அவர்களின் செயலை வேறிடத்தில், வேறு நோக்கத்தோடு, மகன் விளக்கினார். ஆயினும் மீன் வளர்ப்போர் இவ்வுண்மையைத் தமதாக்கிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் சென்றன. செடிகளாலேயே தொட்டி சமநிலை அடைகின்றது என்ற பழைய நம்பிக்கையை 1949இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மீனியல் அறிஞர் சேம்சு அற்சு மறுத்தெழுதினார். மீனுக்கு வேண்டிய ஒட்சிசனிற் பெரும்பங்கு நீரின் மேற்பரப்பு வழியாகவே வருகின்றது என்பது அவர் காட்டிய உண்மை.

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கூறலாம். அவ்விடுமுறைக் காலையில் நடந்த தவறு ஒன்றன்று; மூன்று. நீரை முற்றாக மாற்றியமையால் மீன்கள் குளோரீனின் முழுத் தாக்குதலுக்கும் ஆளாயின. மணலைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவியமையால், அமோனியாவை அகற்றி வந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அழிந்தன. மூன்றாவது தவறு நுட்பமானது. நெடுநாள் மாற்றாத நீர் மெல்ல அமிலத்தன்மை அடையும். அந்நிலையில் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவிலே அடங்கிக் கிடக்கும். காரத்தன்மையுள்ள புதுநீர் திடீரெனச் சேரும்போது, எஞ்சிய அமோனியா நச்சு வடிவுக்கு மாறிவிடும். ஆகவே தொட்டியின் ஒரு பகுதி நீரையே மாற்றினும், பலநாட் புறக்கணித்தபின் ஒரே நாளில் மிகுதியாக மாற்றினாற் கேடு விளையலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது நினைவிற்கொள்ளத்தக்கது. சுண்ணாம்புப் பாறையினின்று ஊறும் அங்குள்ள கிணற்று நீரில் குளோரீன் இயல்பாக இல்லை; ஆனாற் கடினமும் காரமும் உண்டு. ‘கிணற்று நீர்தானே’ என்று வாளி வாளியாக வார்த்தல் தகாது.

அங்ஙனமாயின் நீரை மாற்றாதே விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. நுண்ணுயிர்கள் இறுதியில் ஆக்கும் நைத்திரேற்று, கொடுமை குறைந்ததாயினும், நாளடைவிற் குவிகின்றது. அதனை வெளியேற்ற எளிய வழி நீர் மாற்றமே. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மட்டும் மாற்றுதலும், புதுநீரைத் தொட்டிநீரின் வெப்பத்துக்கு ஏற்பச் சமப்படுத்துதலும், குழாய் நீராயின் நஞ்சு நீக்கிய பின்னரே வார்த்தலும், மணலைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுதலும் நீண்ட அனுபவத்தால் நிலைபெற்ற முறைகள். செம்புக் குழாயில் இரவு முழுதும் தங்கிய நீர் அவ்வுலோகத்தைச் சிறிது கரைத்து வரும். நத்தைக்கும் இறாலுக்கும் அது பெருந்தீங்கு. எனவே காலையில் முதலில் வரும் நீரை வேறு தேவைக்கு விடுதல் வேண்டும். சவர்க்காரம் பட்ட வாளியை மீனுக்குப் பயன்படுத்தலாகாது.

இலங்கைக்கு இவ்வறிவு பொழுதுபோக்கின் பாற்பட்டது மட்டுமன்று. அழகு மீன்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1929இல் போல் தெரணியகலை விஞ்ஞானப் பெயரிட்ட ‘தித்தெயா’ என்னும் செந்நிறச் சிறுமீன் இந்நாட்டு ஓடைகளுக்கே உரியது. இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வாழ்கின்றது. கிணறுகளிலும் மீனுக்குக் கடமை உண்டு. மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பு இனமொன்று 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிற் காணப்பட்டபின், அதன் குடம்பிகளை உண்பதற்காகக் கிணறுகளிற் சிறுமீன்கள் விடப்பட்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரக் கிணறுகள் இறைக்கப்பட்டுக் குளோரீன் இடப்பட்டமையையும் மக்கள் மறந்திருக்கமாட்டார். வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடுதல் இன்றியமையாதது. ஆனால் அதற்குமுன் கிணற்று மீன்களை வேறு ஏனத்துக்கு மாற்றி, மருந்தின் வீறு முற்றாகத் தணிந்தபின் மீண்டும் விடுதல் வேண்டும். அன்றேல் ஒரு நோயைத் தடுக்கும் கை மற்றொரு நோயின் காவலரைக் கொன்றதாக முடியும்.

குளோரீனைப் பழிப்பது இவ்வரலாற்றின் கருத்தன்று. அது காத்த மனித உயிர்களுக்குக் கணக்கில்லை. நீர் ஒன்றேயாயினும் அதனைப் பருகும் உயிருக்கும் அதனுள் வாழும் உயிருக்கும் வேண்டுவன வேறு என்பதே அறியத்தக்கது. புறோட்டு வீதி மக்களை ஏமாற்றியதும் தெளிந்த நீரே. வீட்டுப் பிள்ளைகளை ஏமாற்றுவதும் தெளிந்த நீரே. அடுத்த விடுமுறை நாளிற் குழாயடிக்குச் செல்லும் பிள்ளையிடம், வாளி நீரை முதல்நாளே எடுத்து வைக்குமாறும், அந்நகர் நீரில் இடப்படும் மருந்து யாதென வினவி அறியுமாறும் பெற்றோர் கூறுவாராயின், தொட்டி மீன்கள் பிழைக்கும். கண்ணாற் கண்டதை மட்டும் நம்பாது காரணம் தேடும் பழக்கமும் அப்பிள்ளையிடத்தில் வேரூன்றும்.